ஊர் இல்லாத காசுகள்

நாணயக் கண்காட்சிகளில் வாய் ஓயாமல் கேள்வி கேட்கிறோம். என்ன விலை, எந்த வருஷம், எந்த மின்ட், வெள்ளி எத்தனை சதம், மூன்று எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள், இதைவிட நல்ல நிலையில் இன்னொன்று இருக்கிறதா. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டு, சிவப்பு வெல்வெட் துணி விரித்து, கண்ணாடி மூடிய தட்டுகளில் காசுகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். கரூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய வியாபாரிகள் தூக்கம் கலையாத கண்களோடு தராசையும் லென்ஸையும் எடுத்து வைப்பார்கள். நாலைந்து செம்புக் காசைக் கையில் உருட்டிப் பார்த்ததுமே விரல் நுனியில் உலோக வாடை ஏறிவிடும். கை கழுவிவிட்டு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தாலும் அது போகாது. இத்தனை நெருக்கத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவில் ஒரு கேள்வி மட்டும் அநேகமாக யார் வாயிலிருந்தும் வருவதில்லை. இது எங்கே கிடைத்தது? வாங்கிய காசுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து நோட்டில் பதியும்போது அரசர் பெயர், உலோகம், எடை, குறுக்களவு, முன்புறம், பின்புறம் எல்லாவற்றையும் எழுதிவிட முடிகிறது. கிடைத்த இடம் என்ற கட்டத்துக்கு வரும்போது பேனா நின்றுவிடுகிறது. அந்தக் கட்டம் பக்கம் பக்கமாகக் காலியாகவே இருக்கிறது. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கேட்டுப் பார்க்காமல் இல்லை. பதில்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் வரும். "பார்ட்டி கொண்டாந்தது சார்" என்பார் ஒருவர். "ஆத்துக் காசுங்க, எந்த ஆறுன்னு எப்படிங்க சொல்றது" என்பார் கரூர்ப் பக்கத்து வியாபாரி. இன்னொருவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நான் அதிகாரியா, பத்திரிகைக்காரனா, வெறும் சேகரிப்பாளன்தானா என்று அந்த ஒரு கணத்தில் எடைபோட்டுவிடுகிறார். அந்தப் பார்வையில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. 1878ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. என்ன கிடைத்தது, எந்த இடத்தில் கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது என்ற மூன்று விவரங்களையும் அந்த அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். 1972ஆம் வருஷச் சட்டமோ நூறு வயதைத் தாண்டிய காசையும் தொல்பொருள் என்று வகுத்து, தேசத்தை விட்டு அது வெளியே போவதைத் தடுக்கிறது. இரண்டு சட்டங்களின் நோக்கத்தோடும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வரப்பு வெட்டும்போது பானை ஒன்று மண்வெட்டியில் இடறியவருக்கு, ஊர்ப் பெயரைச் சொன்னால் தாசில்தார் வருவார், போலீஸ் வரும், நிலத்துக்கு வேலி போடுவார்கள் என்பதுதான் தெரியும். எந்த விவரத்தைக் காப்பாற்றச் சட்டம் எழுதப்பட்டதோ அந்த விவரத்தைத்தான் அவர் முதலில் அழிக்கிறார். காசு மண்டபத்து மேசைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று கை மாறிவிடுகிறது. ஒவ்வொரு கையும் தனக்கு முந்தைய கையை மறந்துவிடுகிறது.

இடம் தெரிந்தால் என்ன வந்துவிடப்போகிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் புதுக்கோட்டைப் புதையலைச் சொல்வேன். 1898இல் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கறுக்காக்குறிச்சிப் பக்கம் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அகஸ்டஸ் காலத்தில் தொடங்கி வெஸ்பாசியன் காலம் வரைக்கும் வந்த காசுகள் அவை. பத்தில் ஒன்பதுக்கு மேல், பேரரசரின் முகத்தின் மீது உளியால் வெட்டிய கீறல் இருந்தது. யார் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இனி இது நாணயமாகப் புழங்கக் கூடாது, வெறும் தங்கமாகவே எடைபோடப்பட வேண்டும் என்று இங்கிருந்த யாரோ முடிவு செய்திருக்கலாம். உள்ளேயும் தங்கம்தானா என்று வெட்டிப் பார்த்திருக்கலாம். எதுவானாலும், அந்த உளி விழுந்தது நம் மண்ணில், இங்கே இருந்த ஒரு கையால் என்று எண்ணும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இந்தக் கேள்வியே எழுந்ததற்குக் காரணம் அந்த 501 காசுகளும் ஒன்றாக எண்ணப்பட்டதுதான். அவற்றில் ஒரு பகுதி இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே இருப்பது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவை புதுக்கோட்டைப் பெயரோடு இருக்கின்றன. அதே காசுகள் ஒவ்வொன்றாக ஒவ்வொரு மேசைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முகத்தில் வெட்டு விழுந்த காசை வியாபாரி தனியே ஒதுக்கி வைப்பார். வாங்குகிறவர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார். யாரோ ஒரு நகைத்தொழிலாளி கீறலைத் தேய்த்துச் சமன்படுத்தியும் இருப்பார். ஐந்நூறு தனித்தனிக் காசுகளில் ஐந்நூறு தனித்தனிப் பழுதுகள் என்றே அவை கைமாறிப் போயிருக்கும். கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842இல் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகளுக்கும் இதுவேதான். ஒரே குடத்தில் இருந்தன என்பதுதான் அவற்றின் வரலாறு.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அதுவும் உண்மை. சங்க காலத் தமிழ் அரசர்கள் காசு வெளியிட்டார்களா என்ற சந்தேகம் நீண்ட காலம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்த காசுகளில் பெரும்பாலானவை அகழாய்வுக் குழியிலிருந்து வரவில்லை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வியாபாரிகளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கி, சுத்தம் செய்து, லென்ஸ் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவை அவை. குதிரையும், தொட்டிக்குள் ஆமைகளும், தமிழ் பிராமியில் பெருவழுதி என்ற பெயரும், பின்புறத்தில் கோட்டுருவ மீனும் கொண்ட அந்தச் சிறிய சதுரச் செம்புக் காசு எவ்வளவு பெரிய கதவைத் திறந்தது! மாக்கோதை, குட்டுவன் கோதை என்று சேர மன்னர் பெயரும் முகமும் பொறித்த வெள்ளிக் காசுகள் கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து வந்தவை. மலையமான் காசுகள் திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணையில் கிடைத்தன. கரையோரத்தில் மணல் சலித்த யாரோ ஒருவர், அவரிடம் பத்துக்கும் இருபதுக்கும் வாங்கிய ஒரு சில்லறை வியாபாரி, அவரிடமிருந்து வாங்கிய ஒரு சேகரிப்பாளர் என்ற இந்தச் சங்கிலி இல்லாவிட்டால் அந்தக் காசுகள் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். பழைய செம்பு என்று பாத்திரக்கடைக்குப் போய், கிலோ கணக்கில் எடைபோடப்பட்டு, மூசையில் உருகியிருக்கும். அப்படி உருகிப்போனவை எத்தனையோ. சந்தை ஒரு காசைக் காப்பாற்றுகிறது. காப்பாற்றும் அதே கையால் அதன் ஊரைப் பறித்துவிடுகிறது. கிருஷ்ணமூர்த்தியின் காசுகளுக்கு ஓரளவாவது ஆற்றின் பெயர் இருக்கிறது என்றால், அவர் விடாமல் கேட்டார், கேட்டதை அச்சில் ஏற்றினார் என்பதே காரணம். வாங்கிய காசைப் பெட்டிக்குள் பூட்டாமல் புத்தகமாக்கியவர் அவர். 1997இல் வந்த அவருடைய சங்க காலத் தமிழ் நாணயங்கள் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள படத்தோடு தன் காசை ஒப்பிட்டு விலை சொல்லும் வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தின் படம் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. அதன் அருகிலேயே அச்சாகியிருக்கும் கிடைத்த இடத்தின் மீது அந்த விரல் நிற்பதில்லை.

அமராவதியை இப்போது போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னொரு துயரமும் தெரிந்திருக்கும். மணலைச் சலிப்பவர் ஒரு முழம் ஆழம் தோண்டுவார். பொக்லைன் ஆற்றின் வயிற்றையே வழித்தெடுத்துவிடும். லாரி லாரியாகப் போன அந்த மணலில் எத்தனை காசுகள் போயின என்று யார் கணக்கு வைத்தார்கள்? கட்டடங்களின் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் சேரர் காசும் ரோமானியச் செப்புக் காசும் சிமென்ட்டோடு சேர்ந்து இறுகிக் கிடக்கலாம். இதை நினைத்தால், ஆற்றில் இறங்கிக் காசு பொறுக்குகிற மனிதரைத் திருடர் என்று சொல்ல நா எழவில்லை. அதே சமயம், மேட்டு நிலத்தில் பழைய ஊர் இருந்த இடத்தில், இரவில் கருவியோடு போய்ப் பள்ளம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் மேசையில் கொடுக்கும் பணம்தான் கூலி. ஆற்று மணலில் புரண்டு வந்த காசு ஏற்கெனவே தன் மண் அடுக்கை விட்டு விலகி வந்தது. மேட்டில் கிடந்த காசு பானையோட்டோடும் சாம்பலோடும் எலும்போடும் ஒரே அடுக்கில் இருந்தது. அழகன்குளத்தில் அகழ்ந்தெடுத்த ரோமானியக் காசு தான் கிடந்த அடுக்கின் காலத்தை நிர்ணயிக்க உதவுகிறது, பக்கத்தில் கிடந்த பானையோடு அதன் காலத்துக்குச் சாட்சி சொல்கிறது. தட்டில் என் முன்னால் இருக்கிற இரண்டு காசும் பார்வைக்கு ஒன்றுதான். விலையும் ஒன்றுதான். ஒன்று தப்பி வந்தது, இன்னொன்று பிடுங்கி எடுத்தது. இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடிய ஒரே விவரம் வியாபாரி சொல்ல மறுக்கிற அந்த ஊர்ப் பெயர்.

சேகரிப்பாளர்களுக்கு நுணுக்கம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. விக்டோரியா ராணியின் 1862 ரூபாய் இருக்கிறது. 1862 என்ற தேதியை மாற்றாமலே 1874 வரைக்கும் அதை அடித்தார்கள். எந்த வருஷத்தில் அடித்தது என்பதை உணர்த்தப் பின்புறத்தில் நுண்ணிய புள்ளிகளை வைத்தார்கள். அந்தப் புள்ளிகள் எத்தனை, தேதிக்கு மேலா கீழா என்று லென்ஸை இமையோடு ஒட்டிவைத்து எண்ணுகிற முதியவர்களை ஒவ்வொரு கண்காட்சியிலும் பார்க்கலாம். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கிச் சங்கிலியில் இருக்கும் யானை பன்றி போலத் தெரிந்ததால் அதைத் திருத்தி 1912இல் மறுபடி அடித்த கதையை எல்லோரும் அறிவார்கள். அந்தத் தும்பிக்கையின் நீளத்தைப் பார்த்து விலை வைப்பார்கள். சுதந்திர இந்தியாவின் சில்லறையிலும் தேதிக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைர வடிவம் இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா என்று பள்ளிக்கூடப் பையன்கள்கூட ஒப்பிக்கிறார்கள். இந்தக் கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு பொருளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பொறுமையோடு பார்க்கும் பழக்கம் இந்த மண்டபத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது, சின்னப் பையன்களுக்கும் அது தொற்றிக்கொள்கிறது. காசு எந்த உலையில் பிறந்தது என்று புள்ளி எண்ணித் தேடுகிற அதே கண்ணுக்கு, அது எந்த மண்ணில் போய்ப் படுத்தது என்பது ஏன் ஒரு பொருட்டாகவே படுவதில்லை? ராஜராஜன் செப்புக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் நின்ற அரசன், மறுபுறம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயர். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைப்பதால் கண்காட்சியில் குவியலாகக் கொட்டி வைத்து, பொறுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். அந்தக் குவியலில் உள்ள ஒவ்வொரு காசுக்கும் ஓர் ஊர் எழுதப்பட்டிருந்தால் சோழர் காலத்தின் சில்லறை எந்தச் சந்தை வரைக்கும் போனது, எந்த மலையடிவாரத்தில் நின்றுவிட்டது என்று வரைபடமே போட்டிருக்கலாம். மலிவாக இருப்பதாலேயே அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இன்னொரு வகைக் காசு எனக்கு மேலும் வேதனை தருகிறது. நகையாகப் போட்டுக்கொண்டதால் கொக்கி பற்றவைத்த தடமுள்ள காசு, கழுத்துக் கயிற்றில் கோர்ப்பதற்காகத் துளையிட்ட காசு. எங்கள் மொழியில் அவை "டேமேஜ்". பற்றாசின் வடு இருந்தால் பாதி விலைக்குக் கேட்பது சந்தையின் வழக்கம். காசைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே எவ்வளவு பழையது என்பதற்கு, கொக்கி வைத்தும் துளையிட்டும் அணிந்த ரோமானியக் காசுகளே சாட்சி. அந்தத் துளைதான் அந்தக் காசு தமிழ்நாட்டில் வாழ்ந்ததற்கு அத்தாட்சி. துளையில்லாத அதே டைபீரியஸ் காசு ஐரோப்பாவில் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். நம் ஊர்ப் பெண் ஒருத்தி அணிந்ததால் அதன் மதிப்பு குறைந்துவிட்டது என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். அந்த விலைப்பட்டியல் வேறெங்கோ எழுதப்பட்டது, நாம் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டோம். துளையிட்ட காசுகளையே தேடி வாங்கும் ஒருவரை எனக்குத் தெரியும். மற்றவர்கள் அவரை விலை தெரியாதவர் என்று நினைக்கிறார்கள். இந்த மண்டபத்தில் காசின் அருமை தெரிந்தவர் அவர் என்றே நான் நினைக்கிறேன்.

கண்காட்சியின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், குடும்பம் குடும்பமாக வருவார்கள். மஞ்சள் பையிலோ பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ வீட்டில் இருந்த காசுகளைக் கொண்டுவந்து, இதற்கு எவ்வளவு வரும் என்று கேட்பார்கள். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கும் வைஷ்ணவ தேவி படம் போட்ட காசுக்கும் லட்சங்கள் தருகிறார்கள் என்று யாரோ செல்போனில் அனுப்பிய செய்தி அவர்களை இங்கே கொண்டுவந்திருக்கும். இந்த மோசடிகளில் தன் பெயரையே பயன்படுத்துகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டும் வதந்தி அடங்கவில்லை. வியாபாரி உதட்டைப் பிதுக்கியதும் அந்த முகங்கள் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காது. ஆனால் நான் அந்த மேசையை விட்டு நகராமல் நிற்பதற்குக் காரணம் வேறு. ஒரு பாட்டி தன் பாட்டிலைக் கவிழ்த்தபோது 1943க்கும் 1947க்கும் இடையில் அடித்த ஓட்டைக் காலணாக்கள் உருண்டு வந்தன. ஒரு நூலில் கோத்தபடியே இருந்தன. "எங்க மாமியா அரைஞாண்ல கட்டியிருந்தது. பஞ்சத்துல அரிசி வாங்கக்கூட அவுக்க மாட்டேன்னுச்சு" என்றார். வியாபாரிக்கு அந்தக் காசு பத்து இருபது ரூபாய் பெறும். நூலை வெட்டி எறிந்துவிட்டுத் தேதிவாரியாகப் பிரித்தார். வாங்குவதும் விற்பதும் முடிந்தது. அந்த மாமியார், அந்தப் பஞ்சம், அந்த அரைஞாண் எல்லாம் அந்த மண்டபத்தின் கூரைக்குக் கீழே ஒரு நிமிஷம் இருந்துவிட்டுக் காற்றில் போய்விட்டன. மண்ணுக்குள்ளிருந்து வரும் காசுக்கு ஊர் எப்படியோ, வீட்டிலிருந்து வரும் காசுக்கு அந்தக் குடும்பம் அப்படி. புதுக்கோட்டை அம்மன் காசை இன்னும் பூஜையறையில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. நவராத்திரி தானத்தில் அரிசியோடு சமஸ்தானம் கொடுத்த காசு அது. ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் விஜய என்ற எழுத்து. அதை விற்க வருபவர், தானம் வாங்கியவரின் பேரனாக இருக்கக்கூடும். அவரிடம் இரண்டு கேள்வி கேட்க யாருக்கும் நேரமில்லை.

இங்கேதான் என் சந்தேகம் என்னையே திருப்பிக் கேட்கிறது. எல்லோரும் இடத்தைக் கேட்கத் தொடங்கினால் என்ன நடக்கும்? இடத்துக்கும் ஒரு விலை வந்துவிடும். விலை வந்தால் பொய்யும் வரும். கொடுமணல் என்றால் கூடுதலாக ஐந்நூறு, கீழடி என்றால் ஆயிரம் என்று வியாபாரிகள் சொல்லக் கற்றுக்கொள்வார்கள். சங்க காலக் காசுகளில் வார்ப்புப் போலிகள் இப்போதே நடமாடுகின்றன. விளிம்பில் மெல்லிய இணைப்புக்கோடு, மேற்பரப்பில் குமிழிக் குழிகள், கூர்மை மழுங்கிய எழுத்து, எடையில் ஒரு சிறு பிசகு இவற்றை வைத்துப் பழகிய கை கண்டுபிடித்துவிடும். கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் வெளியிட்டதாகச் சொல்லி ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் பொறித்த செப்பு வில்லைகளை விற்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும் சக்தி அதற்கு உண்டு என்று நம்பி வீட்டை விற்றவர்கள்கூட நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். உலோகத்தையே போலியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஊர்ப் பெயரைச் செய்வது எவ்வளவு நேரம்? பொய்யான ஊர்ப் பெயரைவிடக் காலியான கட்டம் நேர்மையானது என்று வெகுநாள் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கேட்டதை உண்மை என்று எழுதினால்தான் ஆபத்து. இன்னார் இன்ன தேதியில் இப்படிச் சொன்னார், இவருக்கு இன்னொருவர் சொன்னதாம் என்று எழுதினால் அது வாக்குமூலம் ஆகிவிடும். பின்னால் வருகிறவர் அதை மற்ற வாக்குமூலங்களோடு வைத்துப் பார்த்துத் தள்ளவோ கொள்ளவோ முடியும். ஒன்றுமே எழுதாமல் விட்டால் அவருக்குத் தள்ளுவதற்குக்கூட எதுவும் இருக்காது.

காசும் கொஞ்சம் பேசும், விட்டால். மண்ணில் பல காலம் கிடந்த செம்பில் பச்சைக் களிம்பு அடையாகப் படிந்திருக்கும். ஆற்றில் உருண்ட செம்பு வழவழப்பாக, கறுத்து, விளிம்பு தேய்ந்து இருக்கும். எழுத்தின் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் மண்ணின் நிறத்தைப் பார்த்தால் கரிசலா, செம்மண்ணா, வண்டலா என்று ஓரளவு தெரியும். இதையெல்லாம் புளியும் உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, சில சமயம் அமிலத்திலே முக்கியெடுத்து, பளபளவென்று மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். பளபளப்பைக் கேட்பது நாம்தான். பூசையறைக் குத்துவிளக்கைத் துலக்குவது போலக் காசைத் துலக்கிவிட்டார்கள் என்று வருந்துகிறோம், துலக்காத காசை வாங்காமல் நகர்ந்தும் போகிறோம். களிம்போடும் மண்ணோடும் இருக்கும் காசைத் தயங்காமல் வாங்குங்கள் என்று இளைஞர்களிடம் சொல்லிவருகிறேன். அதைச் சுத்தம் செய்யத்தான் வேண்டுமென்றால் வடிகட்டிய நீரும் மெல்லிய மூங்கில் குச்சியும் பொறுமையும் போதும். உதிர்ந்த மண்ணைத் தூக்கி எறியாமல் ஒரு காகித உறையில் போட்டு வைத்தால், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பிற்காலத்தில் வரக்கூடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997இலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. வயலில் காசோ ஊசியோ பொத்தானோ கண்டெடுத்தவர் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம். அதற்கென்று ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் அலுவலர் இருப்பார். அவர் பொருளைப் பார்த்து, இடத்தோடு பதிந்து, படமெடுத்துவிட்டு, புதையல் சட்டத்துக்குள் வராத பொருளாக இருந்தால் கண்டெடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இப்படிப் பதிவாகிவிட்டன. அந்தத் தேசத்தின் நிலவுடைமையும் சட்டமும் வேறு, அதை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. ஆனாலும் அதன் அடிப்படை எனக்குப் புரிகிறது. கண்டெடுத்தவரிடமிருந்து அச்சத்தை நீக்கினால் அவர் இடத்தைச் சொல்கிறார். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் புதையலாக வந்து சேர்ந்த காசுகளுக்குக் கிராமத்தின் பெயர் இருக்கிறது, ஏனென்றால் அவற்றைக் கொண்டுவந்தது கலெக்டர் அலுவலகம். மண்டபத்து மேசைக்கு வருகிற காசுகளுக்கும் அந்தக் கௌரவம் கிடைக்க வேண்டும். சட்டம் மாறுவதற்குக் காத்திருக்காமலே நாம் செய்யக்கூடியவையும் உண்டு. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் திருச்சியிலும் நாணயச் சங்கங்கள் இருக்கின்றன. அவை கண்காட்சிக்கு மண்டபம் பிடிக்கின்றன, நுழைவாயிலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வெளிநாட்டுக் காசை இலவசமாகக் கொடுக்கின்றன, அறிஞர்களை அழைத்துப் பேசவைக்கின்றன. அவ்வளவும் செய்கிறவர்களால் இதுவும் முடியும்.

ஆகவே சங்கங்களின் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த கண்காட்சியில் விற்பனை நடக்காத ஒரு மேசையைப் போடுங்கள். அங்கே ஒரு நோட்டும், காசின் வரலாறு தெரிந்த, அதட்டாமல் பேசத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். பாட்டிலைக் கவிழ்க்க வருகிற பாட்டி முதலில் அந்த மேசைக்கு வரட்டும். ஊர்ப் பெயரை எந்த அளவுக்குச் சொல்ல முடியுமோ அந்த அளவுக்கு, தாலுகா பெயராக இருந்தாலும் சரி, ஆற்றின் பெயராக இருந்தாலும் சரி, எழுதி வாங்குங்கள். தொல்லியல் துறை நண்பர்களே, அந்த மேசைக்கு உங்களில் ஒருவரையும் அனுப்புங்கள், பறிமுதல் செய்ய வருபவராக இல்லாமல் கேட்டுக்கொள்ள வருபவராக. என்னைப் போன்ற சேகரிப்பாளர்களே, காசு வாங்கும்போது ஒருமுறையாவது கேளுங்கள். பதில் அரைகுறையாக வந்தாலும் சொன்னவர் யார், எந்தத் தேதி, எந்த மண்டபம் என்று பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி, காசு வைக்கும் ஃபிளிப் உறைக்குள் காசோடு செருகிவையுங்கள். நாளை அந்தக் காசை விற்கும்போது அந்தச் சீட்டையும் சேர்த்தே கொடுங்கள்.